வாலிபால் வலைக்குச் சபைப் பணமா? நீலகிரிச் சபைக் கமிட்டிகளுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துச் சபைகளில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு எழும். வாலிபர் சங்கம் வலையும் பந்தும் கேட்கும். பெண்கள் சங்கம் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடலாமே என்று கேட்கும். மூத்தவர் ஒருவர் எழுந்து, "ஆராதனைக்கென்று கொடுத்த காணிக்கை ஐயா இது, ஆட்டத்துக்கா கொடுத்தோம்?" என்பார். அதற்குப் பிறகு "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று எழுதி மினிட் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இந்தக் கேள்வியை முடிக்காமல் விட்டால் இரண்டும் கெடும். ஆட்டம் திருட்டுத்தனமாக நடக்கும், கணக்கு இருக்காது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆட்டமும் சேர்ந்து சாப்பிடுவதுமாக ஓர் ஐக்கிய நாள் நடத்தலாம், நடத்தத்தான் வேண்டும். ஆனால் காணிக்கைப் பையில் விழுந்த பணத்தில் நடத்தக் கூடாது. ஆள் பிடிக்கும் தூண்டிலாகவும் நடத்தக் கூடாது. ஒரே சபையில் இருந்துகொண்டு ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காதவர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பதற்காக நடத்த வேண்டும்.

மறுப்பவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்

மறுப்பவரைப் பழைமைவாதி என்று ஒதுக்கிவிட்டால் கூட்டம் அங்கேயே உடைந்துவிடும். அவர் கையில் வேத ஆதாரம் இருக்கிறது. "புசிக்கிறதற்கும் குடிக்கிறதற்கும் உங்களுக்கு வீடுகள் இல்லையா?" என்று 1 கொரிந்தியர் 11:22இல் பவுல் கேட்கிறார். சரீர முயற்சி அற்பப் பிரயோஜனமுள்ளது என்கிறது 1 தீமோத்தேயு 4:8. குடும்பத்தாரே தாங்கக்கூடிய விதவைகளைச் சபையின் மேல் பாரமாக வைக்கக் கூடாது என்கிறது அதே நிருபம் 5:16. சபைப் பணம் ஆராதனைக்கும் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் மட்டுமே என்று உறுதியாக நிற்கிற சபைப் பிரிவுகள் இந்த வசனங்களின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் கொரிந்துவில் என்ன நடந்தது என்று 21ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், பின்னால் வந்த ஏழை பசியோடு நின்றான். பவுலின் கோபம் அதன் மேல். சேர்ந்து உண்பதையே அவர் கண்டிக்கவில்லை. 33ஆம் வசனத்தில், போஜனம் பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று வழியும் சொல்கிறார். ஆதிச் சபையார் வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு உண்டதை அப்போஸ்தலர் 2:46 சொல்கிறது. யூதா 12 அன்பின் விருந்துகளைப் பேசுகிறது. இரண்டு பக்க வசனங்களையும் ஒரே தாளில் எழுதி, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் வைத்துக் கொடுத்தால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு, அது புதியதும் அல்ல. வாலிபால் 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வகுத்த ஆட்டம். அதற்கு நான்கு ஆண்டு முன் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உண்டாக்கியதும் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் ஒய்.எம்.சி.ஏ.வுடையது. ஒய்.எம்.சி.ஏ. சபை அல்ல, கிறிஸ்தவர்கள் தங்கள் சந்தாவில் நடத்திய சங்கம். அதே ஏற்பாட்டை உங்கள் ஊர் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள்: இடம் சபையுடையது, பொறுப்பு சங்கத்துடையது, பணம் விரும்பிக் கொடுப்பவருடையது.

தீர்மானத்தை எப்படி எழுதுவது

"விளையாட்டு விழா நடத்த அனுமதிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் எழுதினால் பின்னால் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். இப்படி எழுதுங்கள்: "சபை வளாகத்தையும் பாத்திரங்களையும் ஐக்கிய நாளுக்காக வாலிபர் சங்கமும் பெண்கள் சங்கமும் பயன்படுத்தலாம். பொதுக் காணிக்கை, கட்டட நிதி, ஏழைகள் நிதி, மிஷனெரி நிதி ஆகியவற்றிலிருந்து பணம் எடுக்கப்படாது. தனி வரவு செலவு ஏடு வைக்கப்படும். விழா முடிந்த அடுத்த ஞாயிறு கணக்கு பலகையில் ஒட்டப்படும். மன உறுத்தலால் பங்கெடுக்காதவர் யாரும் அதற்காகக் குறை சொல்லப்பட மாட்டார்." கடைசி வரியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்காகவே மறுத்த மூத்தவர் கையெழுத்துப் போடுவார்.

கத்தோலிக்கப் பங்குகளில் இதே தீர்மானத்தைப் பங்குப்பேரவையில் வையுங்கள். அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களான அன்பியங்கள் வழியாக ஆள் திரட்டுவது அங்கே எளிது.

பணம்

ஏழைகள் நிதியில் அந்த ஆண்டு செலவானதைவிட விழாச் செலவு ஒரு ரூபாய்கூட மிஞ்சக் கூடாது என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷினுக்கும் மருந்துக்கும் கொடுக்காத சபை பிரியாணிக்குச் செலவழித்தால் மூத்தவர் கேட்டது நியாயமாகிவிடும்.

வசூலுக்கு மூடிய கவர் மட்டும் போதும். கவரின் மேல் பெயர் வேண்டாம். "இன்னார் ஐயாயிரம்" என்று மைக்கில் வாசிக்கும் பழக்கம் அறுப்பின் பண்டிகை ஏலத்திலிருந்து வருவது. தினக்கூலியில் கொழுந்து பறிக்கும் அம்மாவை அந்த அறிவிப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். நுழைவுக் கட்டணமும் வைக்காதீர்கள். அரிசி, முட்டைகோஸ், கேரட், விறகு, பாத்திரம், கைவேலை எல்லாம் வரவுதான். ஏட்டில் பொருளாகவே எழுதுங்கள்.

குலுக்கல் சீட்டு விற்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. சபை வளாகத்துக்குள் பரிசுச் சீட்டு விற்பது வீண் வம்பு. வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு உள்ள சபை, எந்த வேலைக்கென்று வாங்கியதோ அதைத் தவிர வேறெதற்கும் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

நாளும் நேரமும் இடமும்

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஏப்ரல், மே சுற்றுலா சீசன்; சாலையில் நகர முடியாது, வண்டி வாடகை ஏறும். மார்ச்சில் பள்ளித் தேர்வு. ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் எல்லாருக்கும் தோதான காலம். காலையில் உறைபனி இருக்கும், பத்து மணிக்கு மேல் நல்ல வெயில்.

தோட்டத் தொழிலாளிக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. கொழுந்து நிறைய வரும் மாதங்களில் சில தோட்டங்களில் அன்றும் பறிப்பு இருக்கும். தேதி குறிக்கும் முன் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் கேளுங்கள். டவுனில் இருக்கும் கமிட்டி தன் வசதிக்குச் சனிக்கிழமை என்று வைத்தால் பாதிச் சபை வராது. ஆராதனை முடிந்து 11 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் எதிர்க் கோர்ட்டு தெரியாது. கடைசி பஸ்ஸும் இருக்கிறது. அந்தி சாய்ந்தால் தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமையும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் நிற்கும். பரிசளிப்பை நீட்டி இருட்டில் குழந்தைகளோடு ஆட்களை அனுப்பாதீர்கள்.

தோட்டத்து மைதானம் என்றால் மேனேஜரிடமும், நகராட்சி மைதானம் என்றால் அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து விருந்தினர் வேனில் வந்தால், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் முதல் வெளி வண்டிகளுக்கு வந்த இ-பாஸ் நடைமுறை அப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து முன்பே எடுக்கச் சொல்லுங்கள். கொடைக்கானலுக்கும் அதே உத்தரவுதான்.

அணி பிரிப்பது: விழாவின் உயிர் இங்கே

"டவுன் அணி, தோட்டத்து அணி" என்றோ, தெருவாரியாகவோ, குடும்பவாரியாகவோ பிரித்தால் ஏற்கெனவே இருக்கிற பிளவுக்கு நீங்களே பனியன் தைத்துக் கொடுத்ததுபோல் ஆகும். சாதி வாயில் வராமலே அணிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தலைவர்கள் மாறி மாறி ஆள் தேர்ந்தெடுக்கும் முறையும் வேண்டாம். கடைசியில் யாரும் கேட்காமல் நிற்கிற பிள்ளை அந்த நாளை மறக்காது.

பிறந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஓர் அணி, ஏப்ரல் முதல் ஜூன் வரை ஓர் அணி என நான்கு. அண்ணன் ஓர் அணியிலும் தம்பி இன்னோர் அணியிலும் போவான். எஸ்டேட் கிளார்க்கும் கொழுந்து பறிப்பவரும் ஒரே அணியில் நிற்பார்கள். பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று பதிந்திருக்கும், முதல் அணி மட்டும் வீங்கிவிடும். அதனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் நான்கு நிறச் சீட்டை ஒரு டப்பாவில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பந்தியிலும் அணிவாரியாகவே உட்கார வையுங்கள். அணி பிரித்ததின் முழுப் பயன் பந்தியில்தான் தெரியும்.

ஆட்டங்கள்

வாலிபால் கோர்ட்டு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நாலு பக்கமும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15 மீட்டர் தட்டையான இடம் வேண்டும். மலையில் அது கிடைப்பது அபூர்வம். இடம் பற்றாவிட்டால் 14க்கு 7 ஆகக் குறைத்து, அணிக்கு நான்கு பேர் வையுங்கள். வலை உயரம் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர், கலந்து ஆடினால் பெண்கள் உயரத்தையே வையுங்கள். பள்ளத்துப் பக்கம் 3 மீட்டர் உயரத்துக்கு ஒரு தடுப்பு வலை கட்டாயம். பந்து தேயிலைக்குள் உருண்டால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள்; கவாத்து வெட்டிய செடியின் குச்சி ஈட்டி மாதிரி நிற்கும், மருந்து அடித்த காடாகவும் இருக்கலாம். பந்து எடுப்பதற்கென்று ஷூ போட்ட பெரியவர் ஒருவரை நிறுத்துங்கள். பந்துக்குக் காற்றை வீட்டுக்குள் அடிக்காமல் மைதானத்தில் அடியுங்கள். குளிரில் காற்றழுத்தம் இறங்கிப் பந்து தொளதொளத்துவிடும்.

பெண்களுக்கு த்ரோபால் நன்றாகப் போகும், சேலையிலும் ஆடலாம். வெளியில் ஷட்டில் ஆடப் பார்க்காதீர்கள், மலைக் காற்று விடாது. பழைய ஹாலில் உத்தரம் தாழ்வாக இருந்தால் உள்ளேயும் சரிவராது. மழை வந்தால் கைகொடுப்பது கேரம். ஈரப்பதத்தில் போரிக் பவுடர் கட்டி தட்டிக் காய் ஒட்டும். பலகையை உலர்ந்த துணியால் துடைத்து, பவுடரைக் கொஞ்சமாகத் தூவுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு அந்த டப்பா போகக் கூடாது.

கயிறு இழுத்தலில் ஒரே ஒரு விதி: யாரும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. எதிரணி சட்டென்று இழுத்தால் விரலும் மணிக்கட்டும் போய்விடும். சரிவின் குறுக்கே போடுங்கள். மேடு பள்ளமாகப் போட்டால் கீழ் அணிதான் எப்போதும் ஜெயிக்கும், சண்டையும் வரும்.

பரிசு என்றால் தட்டு, டம்ளர் போதும். நான்கு அணிக்கும் ஏதாவது இருக்கட்டும்.

நூறு பேருக்குச் சாப்பாடு

கீழ்நாட்டு மாஸ்டரைக் கூட்டி வந்தால் முதலில் அவருக்குச் சொல்ல வேண்டியது: இங்கே தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது. குன்னூரில் ஏறக்குறைய 94, ஊட்டியில் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரே சூடு குறைவு என்பதால் எத்தனை நேரம் கொதித்தாலும் பருப்பு கடுக்கென்று நிற்கும். துவரம்பருப்பு 3 கிலோவை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மஞ்சளும் எண்ணெயும் சேர்த்துப் பெரிய குக்கர்களில் தவணையாக வேகவையுங்கள். புளியை முன்னாலேயே ஊற்றிவிட்டால் பருப்பு மசியவே மசியாது. குழைந்த பிறகே ஊற்றுங்கள்.

அரிசி 12 கிலோ. அரை மணி நேரம் ஊறப்போட்டு, அண்டாவுக்கு இறுக்கமான மூடி போடுங்கள். பொரியலுக்கு முட்டைகோஸும் கேரட்டுமாக 8 கிலோ, ஆளுக்கு ஒரு முட்டை, ரசம், மோர். டீ நூறு கப்புக்குப் பால் 6 லிட்டர், தண்ணீர் 4 லிட்டர், தூள் 250 கிராம், சர்க்கரை 1 கிலோ. காலையும் மாலையும் என்று இரண்டு முறைக்கு வாங்குங்கள்.

கேஸ் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு. குளிரில் பெரிய அடுப்பை ஒரே சிலிண்டரில் ஓட்டினால் சிலிண்டரின் மேல் பனி பூத்துத் தீ சுருங்கும். அப்போது அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். சிலிண்டரைத் தீயருகே வைத்துச் சூடாக்க யாரையும் விடாதீர்கள்.

கெட்டுப்போவது எப்போதும் சோறுதான். விடிகாலை நாலு மணிக்கு வடித்து, மூடி வைத்து, இரண்டு மணிக்குப் பரிமாறுவார்கள். மலைக் குளிரில் கெடாது என்று நம்பிக்கை. ஆனால் அண்டாவின் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பு நிற்கும், கிருமி பெருக அது போதும். 12:30 பந்திக்கு 11:30இல் இறக்குகிற மாதிரி அடுப்பு மூட்டுங்கள்.

எவர்சில்வர் தட்டு, டம்ளர் வாடகைக்கு எடுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் மாநிலம் முழுக்க 2019 ஜனவரி முதல் தடை; நீலகிரியில் சின்னத் தண்ணீர் பாட்டிலும் கூடாது. கேன் தண்ணீர் வையுங்கள். கமிட்டியாரும் ஆயரும் கடைசிப் பந்தி. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது அன்பாக முதல் வரிசையில் அவர்களுக்கு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

பிள்ளைகள், வண்டி, தண்ணீர்

பிள்ளைகள் எங்கே போனாலும் உறவில்லாத இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே போக வேண்டும், கழிப்பறைக்கும்கூட. தவறு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டிக்குள் பேசி முடிக்க யாருக்கும் உரிமையில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்வது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098ஐப் பலகையில் எழுதி வையுங்கள்.

பிக்கப்பிலும் லாரியிலும் ஆளேற்றாதீர்கள். மலைப்பாதையில் பழகிய டிரைவராக இருக்க வேண்டும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கையே மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அருவிக்கும் அணைக்கும் சுற்றுலா வேண்டவே வேண்டாம். வன அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடைப்பயணமும் கேம்ப் ஃபயரும் சட்டவிரோதம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை எந்த வாலிபர் சங்கமும் மறக்கக் கூடாது. 108 வண்டி வளைவுகளில் ஏறி வர நேரமாகும். கட்டு, மருந்து, ஒரு ஜீப் தயாராக இருக்கட்டும்.

அக்கம்பக்கத்தாரை அழைப்பது

பக்கத்து லைனில் இருக்கும் இந்து, முஸ்லிம் குடும்பங்களையும், அருகில் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் இருந்தால் அங்குள்ள குடும்பங்களையும் அழையுங்கள். ஆனால் அழைப்பில் நடக்கப்போவதை ஒளிக்காமல் எழுதுங்கள்: "11 மணிக்குப் பத்து நிமிட ஜெபம், பிறகு ஆட்டம், 12:30க்குச் சாப்பாடு." ஆட்டம் என்று அழைத்துவிட்டு ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்கு உட்கார வைப்பது ஏமாற்று. அப்பம் புசித்துத் திருப்தியானதற்காகவே என்னைத் தேடுகிறீர்கள் என்று யோவான் 6:26இல் இயேசு சொன்னது கூட்டம் சேர்க்க நினைக்கிற கமிட்டிக்கும்தான். பத்து நிமிடம் என்று எழுதினால் பத்தாவது நிமிடம் முடியுங்கள், ஆயர் எவ்வளவு உற்சாகத்தில் இருந்தாலும். வெளியார் யாருக்காவது ஜெபத்துக்குப் பிறகு வர விருப்பமென்றால் 11:15 என்று சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு

எலும்பு, முட்டை ஓடு, மீந்த சோறு எதையும் தோட்ட ஓரத்தில் கொட்டாதீர்கள். அன்றிரவே காட்டுப்பன்றியும் கரடியும் வரும். மறுநாள் விடிகாலை அந்த வழியே வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் சபையாரே. மூடி போட்ட டிரம்மில் அள்ளி, குப்பை வண்டிக்கோ வளாகத்துக்குள் ஆழமாகத் தோண்டிய குழிக்கோ கொண்டுபோங்கள். வலையை ஈரத்தோடு சுருட்டினால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். இரண்டு நாள் நிழலில் காயவிட்டுப் பழைய செய்தித்தாள் வைத்துச் சுருட்டுங்கள்.

அடுத்த ஞாயிறு கணக்கை ஒட்டுங்கள்: வரவு, செலவு, மீதி, பொருளாக வந்தவை. மீதியை ஏழைகள் நிதியில் சேர்க்கலாம். அங்கிருந்து இங்கே ஒருபோதும் எடுக்கக் கூடாது. அதே வாரத்தில் சபைப் பதிவேட்டை எடுத்து, விழாவுக்கு வராத வீடுகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் போய்ப் பாருங்கள். சிலர் மன உறுத்தலால் வந்திருக்க மாட்டார்கள், அவர்களிடம் காரணம் கேட்க வேண்டாம். சிலர் உடுத்த நல்ல துணி இல்லையென்று, சிலர் பஸ் காசு இல்லையென்று நின்றிருப்பார்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டின் முதல் வரியில் அந்த பஸ் காசை எழுதுங்கள், அரிசிக்கும் முன்னால்.